ராமநகரத்தில் வார இறுதி பாறையேற்றப் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறீர்களா?

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது சனி, ஞாயிறுகளில் ராமநகரப் பாறைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மைசூர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் போதும், அருமையான கருங்கல் பாறைகள். பாறையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அங்கே கூட்டிப்போன நிறுவனத்தைப் பற்றித்தான் பேச்சு. பெயரைப் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அதே அடையாளங்கள் எங்கே தெரிந்தாலும் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் இருந்தது "முடிச்சுகள், பிலே, ராப்பெல்லிங் முழுப் பயிற்சி, சான்றிதழுடன்". பிலே என்றால் ஏறுபவர் விழாமல் கயிற்றைப் பிடித்துக் காப்பது, ராப்பெல்லிங் என்றால் கயிற்றைப் பிடித்துப் பாறையில் இறங்குவது. எனக்கு முடிச்சுகள்தான் முக்கியம். கயிற்றில் தொங்குவது யாருக்கும் வரும், அந்தக் கயிற்றை நானே இடுப்பில் சரியாகக் கட்டத் தெரிய வேண்டும் என்றுதான் பணம் கட்டினேன். போனால் ஒரு பேருந்து நிறைய ஆட்கள், பயிற்சியாளர்கள் இரண்டே பேர். முடிச்சு வகுப்பு என்பது டீ வரும்வரை நடந்த ஒரு வேடிக்கை. ஒருவர் வேகவேகமாக 8 வடிவ முடிச்சைப் போட்டுக் காட்டினார், ஒரே ஒரு துண்டுக் கயிறு கைமாறிக் கைமாறி வந்தது, என் பக்கம் வருவதற்குள் "சரி, எல்லாரும் ஹார்னஸ் மாட்டுங்க" என்று இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் பயிற்சி.

பாறையடியில் யாரையும் முடிச்சு போட விடவில்லை. கயிற்று நுனியில் ஏற்கெனவே போட்டு வைத்த ஒரு கண்ணி, அதில் ஒரு காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி), அதை ஒவ்வொருவர் ஹார்னஸிலும் மாட்டி ஏற்றினார்கள். பெரிய கூட்டத்தை ஏற்றும் இடங்களில் இப்படி மாட்டிவிடுவது உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் அப்படிச் செய்பவர்கள் பூட்டுள்ள காரபினர் இரண்டை, வாய் எதிரெதிராக வைத்து மாட்டுவார்கள். இங்கே ஒன்றுதான், அதற்கும் பூட்டு இல்லை. ஒரு பெண்ணுக்கு அதை ஹார்னஸின் பக்கவாட்டு வளையத்தில் மாட்டிவிட்டார்கள். அது சாமான் தொங்கவிடத் தைத்த வளையம், ஆள் எடையைத் தாங்கச் செய்ததே இல்லை. உத்தரகாசி நேரு மலையேற்றக் கழகத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்த என் நண்பர் பக்கத்தில் நின்றதால் அந்தப் பெண் தரையை விட்டுக் கிளம்புமுன் தடுத்தார்.

நண்பர் கேட்டதற்கு வந்த பதில்தான் இந்தப் பதிவை எழுதவைத்தது. பயிற்சியாளர் ஓசூர்க்காரர், தமிழிலேயே சொன்னார்: "சார், இத்தனை வருஷமா இப்படித்தான் பண்றோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கறவங்களுக்கு செக்கிங் எல்லாம் தேவையில்ல."

அனுபவம் என்றால் லின் ஹில்லை விடவா? உலகின் தலைசிறந்த ஏற்றக்காரர்களில் ஒருவர். 1989இல் பிரான்சின் பியூக்ஸில் முடிச்சைப் பாதி போட்டு, இடையில் ஷூ கட்டப் போய், முடிக்காமலே ஏறிவிட்டார். மேலே போய்க் கயிற்றில் சாய்ந்ததும் சுமார் 22 மீட்டர் விழுந்தார். மரக்கிளைகளில் பட்டு விழுந்ததால் உயிர் பிழைத்தார். ஒருவர் முடிச்சை மற்றவர் பார்க்கும் வழக்கம் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அவர்கள் சொல்லித்தராததை நண்பர் மதியம் நிழலில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டு 8 வடிவத்தில் ஒற்றை முடிச்சு. பிறகு நுனியை ஹார்னஸின் கால் பக்கம், இடுப்புப் பக்கம் என இரண்டு கட்டு இடங்கள் வழியாகவும் நுழைக்க வேண்டும், ஒன்றில் மட்டும் அல்ல. எட்டை உடம்புக்கு அருகில் இழுத்துக்கொண்டு, முதலில் போன பாதையிலேயே நுனியைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வர வேண்டும். கயிறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஜோடி ஜோடியாகப் படுக்க வேண்டும். எண்ணினால் ஐந்து ஜோடி. ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக இழுத்து இறுக்கிய பிறகு, மிஞ்சும் வால் ஒரு சாணாவது இருக்க வேண்டும். நான்கைந்து முறை போட்டதும் கை தானாகப் பழகிவிட்டது. இதற்கு எங்கள் கூட்டத்துக்கே ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தைக் கூட அவர்கள் தரவில்லை.

ராப்பெல்லிங் பக்கம் போனால் வயிற்றைக் கலக்கியது. ஒரு பாறையைச் சுற்றி நாடா கட்டி, அதில்தான் மொத்தக் கூட்டத்தின் எடையும். நாடாவின் இரு நுனிகளையும் இணைத்திருந்த முடிச்சில் (டேப் நாட் என்பார்கள்) வால் விரல்நகம் அளவே இருந்தது. இந்த முடிச்சு எடை ஏறி இறங்க ஏறி இறங்க மெல்ல நழுவும் குணம் கொண்டது. அதனால்தான் இரு பக்கமும் எட்டு சென்டிமீட்டராவது வால் விடச் சொல்வார்கள், ஏறுமுன் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்வார்கள். எத்தனை பேர் இறங்கினார்களோ, ஒருவர்கூட மேலே போய் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. கயிற்றின் கீழ் நுனி தரையைத் தொடாமல் ஆள் உயரத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது, நுனியில் தடுப்பு முடிச்சும் இல்லை. 2019இல் மெக்சிகோவின் எல் பொட்ரேரோ சிக்கோவில் பிராட் கோப்ரைட் இறந்தது இப்படி நுனியில் முடிச்சில்லாத கயிற்றில் இறங்கும்போதுதான். அவரும் கைதேர்ந்தவர். நாங்கள் இருவரும் இறங்க மறுத்துவிட்டோம். "பயந்தாங்கொள்ளி" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

திரும்பும்போது பேருந்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் ஒரு முடிச்சும் போட்டுக் காட்டாத "முடிச்சுகளில் தேர்ச்சி" அதில் அச்சாகியிருந்தது. காலையில் பேருந்து கிளம்பியதும் கையெழுத்து வாங்கிய தாளை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது.

இனி போகிறவர்கள் பணம் கட்டுமுன் போனிலேயே கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? அவர் எங்கே படித்தவர்? முடிச்சை நானே போட்டு, நீங்கள் சரிபார்த்து ஏற்றுவீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் போனை வைத்துவிடலாம். ஹார்னஸும் கயிறும் எப்போது வாங்கியவை என்றும் கேட்கலாம், ஆனால் அதற்கு யாரும் உண்மை சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போய் நேரில் தடவிப் பார்ப்பதுதான் வழி.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த பயணத்துக்கு இருபது சதவீதத் தள்ளுபடி கூப்பன் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அன்று எங்களோடு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எடுத்த படங்களை எனக்கு அனுப்புங்கள். குறிப்பாக அந்த நாடா முடிச்சு தெரியும் படம் இருந்தால் புகாரோடு சேர்க்கலாம்.