வேட்டைக்காரர்கள் கையால் செய்த பழைய மான் தீவனக் கருவிகள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஆயத்தமான தீவனக் கருவிகள் கடைதோறும் கிடைக்கத் தொடங்கும் முன்பு, வெள்ளைவால் மான்களை ஓரிடத்துக்கு வரவழைக்க விரும்பிய வேட்டைக்காரர்கள், கொட்டகையில் கிடந்த பொருள்களைக் கொண்டே அவற்றைச் செய்துகொண்டார்கள். இரும்பு டிரம், பிவிசி குழாய், தொங்கவிட்ட வாளி ஆகிய மூன்று வகைகள் இன்றும் பழைய வேட்டை நிலங்களில் காணக் கிடைக்கின்றன; சிலர் அவற்றைப் பார்த்துப் புதிதாகவும் செய்கிறார்கள். எத்தனை மான்கள் வருகின்றன என்பதை வைத்து இவற்றை எடைபோடுவதில் பொருளில்லை, ஏனெனில் மக்காச்சோளத்தைத் தரையில் கொட்டினாலே மான் வந்துவிடும். தானியம் நனையாமல் இருக்கிறதா, ஒரு வேளைக்கு எவ்வளவு விழுகிறது, விழுந்ததை மான்கள் எவ்வாறு தின்கின்றன என்ற மூன்றையுமே நான் அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன்.

மூன்றிலும் மிகுந்த சிந்தனையோடு உருவானது டிரம் கருவிதான். 55 கேலன், அதாவது ஏறத்தாழ 208 லிட்டர் கொள்ளும் இரும்பு டிரம்மை மூன்று குழாய்க் கால்களின் மேல் நிறுத்தி, அடிப்பகுதியின் நடுவில் ஒரு துளையிட்டு, அதற்குச் சற்றுக் கீழே சிறு மோட்டாரில் பொருத்திய தகரத் தட்டை வைத்திருப்பார்கள். துளை வழியே இறங்கும் சோளம் தட்டின் மேல் ஒரு சிறு குவியலாகி, அந்தக் குவியலே துளையை அடைத்துக்கொள்வதால், தட்டு சுழலாத நேரத்தில் ஒரு மணிகூடக் கீழே விழுவதில்லை. மோட்டார் சில வினாடிகள் ஓடியதும் குவியல் நாலாபுறமும் சிதறுகிறது. ஓட்டம் நின்றதும் அடுத்த குவியல் தானாகவே உருவாகித் துளையை அடைத்துவிடுகிறது. தனி மூடியோ கதவோ இல்லாமல், தானியம் சரிந்து நிற்கும் இயல்பை மட்டுமே நம்பி இயங்கும் இந்த அமைப்பைவிட எளிய, நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை. இன்று கடையில் விற்கும் விலையுயர்ந்த கருவிகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

குறைகளும் இந்த டிரம்மிலேயே அதிகம். தட்டையான அடிப்பாகம் கொண்டதாகையால், நடுவிலுள்ள சோளம் மட்டும் இறங்கி, ஓரத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் பழைய தானியம் தங்கிவிடுகிறது. மேலே புதுச் சோளத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால், அந்த வளையம் பல மாதங்கள் அங்கேயே கிடக்கும். மூடி சரியாகப் பொருந்தாமல் மழைநீர் கசிந்த டிரம் ஒன்றின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தால், சுவரோடு ஒட்டிய சோளம் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை பிடித்து, கையால் பிய்த்தால் கட்டியாகப் பெயர்ந்து வருவதைக் காணலாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த தானியத்தில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. மனித உணவில் இந்த நஞ்சு நூறு கோடியில் 20 பங்கைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் வரம்பு. மான்களைவிடவும், சிந்திய மணிகளைப் பொறுக்க வரும் காட்டு வான்கோழி, காடை போன்ற பறவைகளுக்கு இந்த நஞ்சினால் ஆபத்து அதிகம். ஆகவே உள்ளே தகரத்தால் செங்குத்தான சரிவுடைய புனல் அமைத்த பழைய டிரம்களையே நான் ஏற்கிறேன். புனல் இல்லாதவற்றை, ஒவ்வொரு முறையும் முழுவதும் காலி செய்து துடைத்த பின்பே நிரப்ப வேண்டும். மோட்டாரை இயக்கும் 6 வோல்ட் பேட்டரியின் மேலுள்ள சுருள்கம்பி முனைகள் ஈரத்தால் அரித்துப்போவது இன்னொரு தொல்லை என்றாலும், அது எளிதில் சரிசெய்யக்கூடியதே.

குழாய்க் கருவி முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. 4 அல்லது 6 அங்குல பிவிசி குழாயை மரத்தோடு சேர்த்துக் கட்டி, அடியில் ஒய் வடிவ இணைப்பைப் பொருத்தி, மேலே ஒரு மூடி போட்டால் வேலை முடிந்தது. மோட்டாரோ பேட்டரியோ இல்லாததால் பழுதாக ஒன்றுமில்லை. மேலிருந்து மழையும் இறங்காது. இவ்வளவு இருந்தும் இதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. மான் தின்னத் தின்னச் சோளம் இறங்கிக்கொண்டே இருக்கும், நிறுத்துவதற்கு வழியில்லை. அசைபோடும் விலங்கான மான், இலைதழைகளுக்குப் பழகிய வயிற்றில் திடீரென மிகுதியான சோளத்தை நிரப்பிக்கொண்டால், முதல் இரைப்பையில் அமிலம் பெருகி நோய்வாய்ப்படும், சில வேளைகளில் இறந்தும் போகும். குளிர்கால நடுவில், வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சுள்ளிகளுக்கும் பட்டைகளுக்கும் பழகியிருக்கும் காலத்தில், இந்த ஆபத்து கூடுதல்.

அதைவிடப் பெரிய கவலை, எல்லா மான்களும் அந்த ஒரே வாயில்தான் மூக்கை நுழைக்கின்றன என்பது. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, மூளையைச் சிதைத்துக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் (CWD), எச்சில், சிறுநீர், சாணம் ஆகியவற்றின் வழியாகப் பரவுகிறது. நோய்க்குக் காரணமான திரிந்த புரதம் மண்ணில் பல ஆண்டுகள் தங்கவும் வல்லது. 2012இல் இது டெக்சாஸிலும் கண்டறியப்பட்டது. மிச்சிகனில் மாட்டுக் காசநோய் மான்களிடையே நிலைபெற்றதற்கும் தீவனம் குவித்துப் போடும் பழக்கம் ஒரு காரணமாகக் கருதப்பட்டது. 2019இல் அம்மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில் மான்களுக்குத் தீவனம் வைப்பதே தடைசெய்யப்பட்டது. சிதறடிக்கும் டிரம்மும் மான்களை ஓரிடத்தில் கூட்டத்தான் செய்கிறது, ஆனால் பல அடி தூரத்துக்குப் பரவிய மணிகளைத் தேடித் தின்பதற்கும் ஒரே குழாய்வாயை மாறி மாறி நக்குவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சிறிதென்று ஒதுக்க முடியாது.

வாளிக் கருவியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. மரக்கிளையில் தொங்கும் வாளியின் அடித்துளை வழியே ஒரு கம்பி இறங்கும், மான் அதை மூக்கால் தள்ளினால் சில மணிகள் உதிரும். அளவு கட்டுக்குள் இருந்தாலும், ரக்கூன்கள் என்ற அமெரிக்கச் சிறு விலங்குகள் இதை விரைவில் கற்றுக்கொண்டு இரவோடிரவாகக் காலி செய்துவிடுகின்றன. காற்று பலமாக அடித்தாலும் சோளம் வீணாகக் கொட்டுகிறது.

எனவே பழைய பொருளை வாங்கவோ, அதே மாதிரியில் செய்யவோ எண்ணுபவர்கள் புனல் வைத்த டிரம்மையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் முடிவு. காட்டுப்பன்றிகள் உள்ள இடமானால், கால்களைச் சாய்த்துவிடாதபடி, மான் தாண்டக்கூடிய உயரத்தில் கம்பி வேலியும் சுற்றிலும் வேண்டும். தீவனம் வைக்கச் சட்டம் இடம் தருகிறதா என்பது மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம்கூட மாறுவதால், வனவிலங்குத் துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்பதையும் விற்பவரிடம் கட்டாயம் விசாரியுங்கள். பூச்சிமருந்தோ கரைப்பானோ இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் தானியத்துக்கு உதவாது, விற்பவருக்கு விடை தெரியாவிட்டால் அதை வாங்காதீர்கள்.