ஈறுகளுக்கு லேசர் சிகிச்சை: 48,000 ரூபாய் கட்டிய பிறகு நான் தெரிந்துகொண்டவை

கடந்த ஆண்டு பல் துலக்கும்போதெல்லாம் எச்சிலோடு இரத்தம் கலந்து வந்ததால், சென்னைப் புறநகரில் எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே 48,000 ரூபாய் கட்டி நான் செய்துகொண்ட லேசர் சிகிச்சை என் ஈறுகளுக்குத் தேவையானதும் அன்று, அவர்கள் சொல்லிக்கொண்டபடி ஆய்வுகளால் நிறுவப்பட்டதும் அன்று என்பது ஐந்து மாதம் கழித்தே எனக்குத் தெரிந்தது. இதே தொல்லையோடு மருத்துவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுமுன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதல் நாள் பேனா போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு, என் கடைவாய் ஈறுகளை எதிரே இருந்த தொலைக்காட்சித் திரையில் காட்டினார்கள். திரை முழுவதும் செக்கச்செவேலென்று நிறைந்திருந்த அந்தச் சதையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது; அத்தனை பெரிதாக்கினால் யாருடைய ஈறும் அப்படித்தான் தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை. பிறகு முழுவாய் எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டது சார், இப்படியே விட்டால் இரண்டு வருடத்தில் ஆறு பல்லாவது போய்விடும்" என்றார் மருத்துவர். அடுத்த அறையில் ஆலோசகர் என்று அமர்ந்திருந்த பெண், மாதத் தவணைக் கணக்கை ஏற்கெனவே அச்செடுத்து வைத்திருந்தார். கையில் கொடுத்த வண்ணத் தாளில் "ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது" என்று இரண்டு இடங்களில் இருந்தது. எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த ஆண்டு என்று எங்கும் இல்லை.

நான் உடனே சம்மதித்ததற்கு என் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடத் தொடங்கிவிடும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். "லேசரில் சுரண்டவே வேண்டாம், எனாமல் தேயாது, ஊசியும் கிடையாது" என்று அவர்கள் சொன்னபோது, அந்தப் பழைய பயத்துக்கு விடை கிடைத்ததாகவே நினைத்தேன். உண்மையில், பல்லோடு கெட்டிப்பட்ட காரை அகன்று, வீங்கிய ஈறு வற்றும்போது, அதுவரை மறைந்திருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. தாங்கும் எலும்பை முன்பே இழந்த பல்லின் ஆட்டமும் அப்போதுதான் உணரப்படுகிறது. பழி மட்டும் சுத்தம் செய்தவர் மேல் விழுகிறது.

மூன்று அமர்வுகளில் சிகிச்சை முடிந்தது. நூல் போன்ற ஒரு முனையைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு எடுத்தார்கள். மயிர் கருகுவது போன்ற வாடை வந்தது, வலி அதிகம் இல்லை. இரண்டு மாதம் இரத்தம் நின்றிருந்தது. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் மீண்டும் கசியத் தொடங்கியதும் போய்க் கேட்டேன். ஈறு நன்றாக ஆறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆண்டுக்கு 9,000 ரூபாய்க்குப் பராமரிப்புத் திட்டம் ஒன்றில் சேரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான், நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவுக்குப் போனேன். அங்கே முதுநிலை படிக்கும் ஒரு மாணவி, நுனியில் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுக்குள் இறக்கி, "மூன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் நின்ற இன்னொருவர் ஒரு படிவத்தில் எழுதினார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். என்னுடைய 28 பற்களுக்கு 168 இடம். முன்பற்களில் இரண்டும் மூன்றுமாக வந்த எண்கள், கீழ்க் கடைவாய்க்குப் போனதும் "ஐந்து, நான்கு, ஐந்து, கசிவு" என்று மாறின. அரைமணி நேரத்துக்குள் முடிந்த இந்த அளவெடுப்பைத்தான் 48,000 ரூபாய் வாங்கியவர்கள் ஒருமுறைகூடச் செய்யவில்லை. இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன் என்பதைக்கூட முதலில் கேட்டவர் அந்த மாணவிதான். அந்த மாத்திரை சிலருக்கு ஈறு தடிக்கக் காரணமாகும் என்றும், அதை நானாக நிறுத்திவிடக் கூடாது என்றும் சொன்னார்.

மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் அது பொதுவாக இயல்பான ஆழம். நான்கும் அதற்கு மேலும் இருந்து கசிவும் சேர்ந்தால் சிகிச்சை வேண்டும். எனக்கு 71 இடங்களில் கசிவு இருந்தது. கடைவாய்ப் பற்களின் வேரில், ஈறுக்குக் கீழே, காரை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. என் வாயில் பயன்படுத்தப்பட்டது டையோடு லேசர் என்று ரசீதிலேயே இருக்கிறது. அந்த வகை லேசர் சதையை வெட்டும், கிருமிகளைக் குறைக்கும். வேரில் ஒட்டிய காரையைப் பெயர்க்காது. பெயர்க்க வேண்டியதைப் பெயர்க்காமல் மேலே ஆற்றிவிட்டால் கசிவு திரும்பாமல் வேறென்ன செய்யும்?

லேசர் மருத்துவமனை சொன்ன "ஆய்வு" என்ற சொல்லைப் பற்றியும் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவுப் பேராசிரியரிடம் கேட்டேன். ஐரோப்பிய ஈறு நோயியல் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறை, ஈறுக்குக் கீழே செய்யும் சுத்தத்தோடு லேசரைச் சேர்க்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. வேர்வரை சுத்தம் செய்யும் எளிய முறைக்கோ, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2015 நெறிமுறை சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பல்லின் பிடிமானம் கூடுவதாகக் கணக்குக் காட்டுகிறது. அரை மில்லிமீட்டர் என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் நேர்மையான ஆய்வு சொல்லும் எண் இவ்வளவு அடக்கமாகத்தான் இருக்கிறது, வண்ணத் தாளில் எண்ணே இல்லை.

இரண்டு வருடத்தில் ஆறு பல் என்ற மிரட்டலுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 15 ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஈறுகளைத் தொடர்ந்து அளந்தார்கள். முறையான பல் சுத்தமோ பல் மருத்துவமோ எட்டாத 480 ஆண்களை வைத்துத் தொடங்கிய அந்த ஆய்வில், நோய் வேகமாக முற்றியது ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு மட்டுமே. 81 சதவீதத்தினருக்கு மிதமாக முன்னேறியது, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. ஒருவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை அளந்து, காலம் விட்டு மறுபடி அளந்துதான் சொல்ல முடியும். கேமராப் படத்தைக் காட்டி இரண்டு வருடம் என்று கெடு வைக்க முடியாது.

அரசு மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு அமர்வுகளில் வேர்வரை சுத்தம் செய்தார்கள். பற்களின் இடுக்கில் நுழையும் சிறு தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று கண்ணாடி முன் நிற்கவைத்துக் கற்றுக்கொடுக்கவே இருபது நிமிடம் செலவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது கசிவு 19 இடங்களுக்குக் குறைந்திருந்தது. ஐந்து என்று எழுதப்பட்ட இடங்களில் ஒன்றைத் தவிர மற்றவை நான்குக்கும் மூன்றுக்கும் வந்திருந்தன. பல் எதுவும் ஆடவில்லை.

முதல் மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஈறு அளவுப் படிவத்தின் நகலைக் கேட்டு எழுதினேன். "லேசர் முறையில் அளவெடுக்கும் தேவை எழுவதில்லை" என்று முத்திரையிட்டுப் பதில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தையும் அரசு மருத்துவமனையின் இரண்டு படிவங்களையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்; விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.