கேட்டுச் செய்வதா, செய்துவிட்டுச் சொல்வதா?

தொழிலில் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு முறைகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்று முன் ஒப்புதல்: தள்ளுபடி, கொள்முதல், எதுவானாலும் என்னைக் கேட்டுத்தான். இன்னொன்று வரம்பு: இவ்வளவு தொகை வரை நீங்களே முடிவெடுங்கள், அப்புறம் சொன்னால் போதும்.

முன் ஒப்புதலில் பணம் கைமீறாது, உங்கள் நேரம்தான் போகும். அது தெரிந்த கதை. என்னை உறுத்தியது வேறு. தவறு நடந்தால் "நீங்கதானே சார் சரின்னு சொன்னீங்க" என்பார்கள். முடிவு என்னுடையது, பழி மட்டும் அவர்களுக்கா? அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே போக வேண்டும் என்று பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916-லேயே எழுதிவிட்டார்.

அதனால் வரம்புக்கு மாறினேன். ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களில் விருந்தினரின் குறையைத் தீர்க்க ஊழியரே 2,000 டாலர் வரை செலவழிக்கலாம் என்ற விதி பிரபலம். என் வரம்பு அதன் பக்கத்தில்கூட வராது, ஏற்பாடு அதேதான்.

சிக்கல் கொடுத்த அதிகாரத்தைக் காப்பாற்றுவதில் இருந்தது. இரண்டாவது மாதமே, மேலாளர் மறுத்த தள்ளுபடியை ஒரு வாடிக்கையாளர் என்னிடம் போனில் கேட்டார். பழக்க தோஷம், சரி என்றுவிட்டேன். அடுத்த முறை அவர் மேலாளரிடம் பேசவே இல்லை. அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் நேராக என்னிடம் வந்தார்கள். மேலாளரும் "சாரையே கேட்டுக்கோங்க" என்று ஒதுங்கிவிட்டார். கொடுத்ததை ஒரே போன் காலில் நானே பிடுங்கியிருந்தேன். அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் "அவரிடமே பேசுங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது, அவர் முடிவு எனக்குப் பிடிக்காத நாட்களிலும். பிடிக்காவிட்டால் பிறகு தனியாகப் பேசுவேன், வரம்பைத் திருத்துவேன். எடுத்த முடிவைக் கலைப்பதில்லை. முன் ஒப்புதலில் இந்தப் பாடு கிடையாது.

வரம்புக்குள் அடக்க ஒரே கொள்முதலை இரண்டு பில்லாக உடைப்பதும் நடக்கும். சப்ளையர் வாரியாக மாதம் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சப்ளையரைத் தேர்ந்தெடுப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, வரம்பு எவ்வளவானாலும். கடன், நீண்ட ஒப்பந்தம், ஆளை நீக்குவது போன்ற திரும்பப் பெற முடியாதவற்றுக்கு இன்றும் முன் ஒப்புதல்தான்.

இது ஒரே இடத்தில் பத்துப் பேரோடு கிடைத்த அனுபவம். பல கிளைகள் இருந்தால் தொகை வரம்பு மட்டும் போதும் என்று சொல்லத் துணியமாட்டேன்.

அந்த வாடிக்கையாளர் இன்னமும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார். நலம் விசாரித்துவிட்டு மேலாளருக்கு லைனை மாற்றிவிடுகிறேன்.