இதை யார் துவைப்பார்கள்? வீடற்றவர்களுக்குப் பின்னும்போது எது தேறும், எது தேறாது

டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். அக்டோபர் பிறந்ததும் எங்கள் நூலகத்தின் பின்னறையில் வியாழக்கிழமை மாலைகளில் எட்டுப் பத்துப் பேர் நூலும் ஊசியுமாக உட்கார்ந்துவிடுவோம். பின்னுவதெல்லாம் ஷெல்டர்களுக்கும், அதாவது வீடற்றவர்கள் தங்கும் விடுதிகளுக்கும், தெருவில் படுப்பவர்களுக்கும் போகும். கை ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஓடும். வருஷா வருஷம் அதே சண்டைதான்: கம்பளியா அக்ரிலிக்கா, இரண்டு ஊசியா கொக்கி ஊசியா, தொப்பியா போர்வையா. மூன்று குளிர்காலமாக எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், சிலவற்றில் நன்றாக மூக்குடைபட்டும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

முதல் வருஷம் நல்ல சுத்தக் கம்பளி நூலாகப் பார்த்து வாங்கி, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நாலு தொப்பி பின்னி ஒரு ஷெல்டரில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அடுத்த பையோடு போனபோது, அங்கே வேலை செய்கிற பெண் தயங்கித் தயங்கி ஒன்றை எடுத்துக் காட்டினார். என் தொப்பிதான். ஆனால் கொட்டாங்கச்சி அளவுக்குச் சுருங்கி, தட்டினால் சத்தம் வரும்போல விறைத்துக் கிடந்தது. பின்னிய கண்ணி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து அங்கே எல்லாத் துணியும் வெந்நீரில் துவைத்து, ட்ரையரில் உச்சச் சூட்டில்தான் காய்கிறது. யாரோ பின்னித் தந்த தொப்பி என்று தனியாக எடுத்து வைத்து அலச யாருக்கு நேரம்?

நூலகத்தில் வந்து புலம்பினேன். எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். கையில் இருந்த கொக்கியை நிறுத்தாமலே சொன்னார்: "இதை ஆர் தோய்க்கிறது, எங்க காயப்போடுறது எண்டு யோசிச்செல்லோ பிள்ளை நூல் வாங்கவேணும்." அன்றிலிருந்து எனக்கு அளவுகோல் அதுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

கம்பளியா, அக்ரிலிக்கா?

பெரிய சண்டை இதுதான், அதனால் முதலில் இது.

கம்பளி இழையின்மேல் மீன் செதில்போலப் பொடிச் செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உலுக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், திரும்ப விடாது. என் தொப்பிக்கு நேர்ந்தது அதுதான். ஆனால் அதே கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததுபோலத் தெரியாது. நனைந்தாலும் ஓரளவு சூடு நிற்கும். தீயும் லேசில் பிடிக்காது. பிடித்தாலும் கருகி அணையப் பார்க்கும். கூடாரத்துக்குள் மெழுகுவத்தியோ சின்ன அடுப்போ வைத்துக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அக்ரிலிக் நேர் எதிர். ஷெல்டர் வாஷிங் மெஷினில் எத்தனை தடவை போட்டாலும் அளவு மாறாமல் வரும், என்ன, கொஞ்சம் உருண்டை உருண்டையாக முடிச்சு கட்டும். விலை மலிவு. ரெட் ஹார்ட் சூப்பர் சேவர் ஒரு உருண்டையில் 198 கிராம், 364 கஜம் இருக்கிறது. இரண்டு தொப்பி தாராளமாக வரும். கம்பளி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பவர்களுக்கும் தொல்லையில்லை. ஆனால் இழை தண்ணீரைக் குடிக்காது. ஈரம் இழைகளுக்கு நடுவிலேயே நின்று சில்லென்று உடம்பில் ஒட்டும். நெருப்புப் பட்டாலோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நம்மூர் ஃபேன்ஸி ஸ்டோரில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். சின்ன வயதில் அதில் பின்னிப் பழகியதாலோ என்னவோ, இங்கே வந்தபிறகு கம்பளி என்றால் உசத்தி, அக்ரிலிக் என்றால் மட்டம் என்று ஒரு கௌரவம் எனக்குள் ஏறியிருந்தது. அந்தக் கொட்டாங்கச்சியைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

என் தீர்ப்பு: ஷெல்டருக்குள் போகிற பொருள் என்றால் அக்ரிலிக், யோசிக்கவே வேண்டாம். வெளியிலேயே படுப்பவர்களைத் தேடிப் போய்க் கொடுக்கிற குழு மூலம் போகிறதென்றால் சூப்பர்வாஷ் கம்பளி. அதில் செதிலைக் கரைத்தோ மேலே மெல்லிய பூச்சு பூசியோ விடுவதால் மெஷினில் சுருங்காது; விலைதான் கையைக் கடிக்கும். யாருக்குப் போகும் என்றே தெரியாதபோது லயன் பிராண்டின் ஊல்-ஈஸ் மாதிரிக் கலப்பு நூல், 80 பங்கு அக்ரிலிக், 20 பங்கு கம்பளி. எதிலும் முதல் மார்க் வாங்காது, எதிலும் பெயிலும் ஆகாது.

டொராண்டோவுக்கு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பு மைனஸ் 15 வந்தால்தான் கடுங்குளிர் எச்சரிக்கை விடுவார்கள். இப்போது மைனஸ் 5 என்றாலே நகராட்சி வெதுவெதுப்பு மையங்களைத் திறக்கிறது. அது சரியான முடிவு. மைனஸ் 15இல் பனி காய்ந்த மாவுபோல் இருக்கும், உதறினால் போய்விடும். மைனஸ் 5க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் பெய்வது பல சமயம் ஈரப்பனி, சில சமயம் மழையும் கலந்து. நனைத்துவிட்டு அப்புறம் உறைய வைக்கும். கம்பளிக் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

இரண்டு ஊசியா, கொக்கியா?

ஒரே அளவுப் பரப்புக்குக் கொக்கிப் பின்னல், அதாவது குரோஷே, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நூலை அதிகமாகத் தின்னும். அதற்கேற்ற தடிமனும் கிடைக்கும், ஆனால் இழுபடாது. தலை அளவு தெரியாமல் பின்னுகிறோம், அதுதான் இங்கே முக்கியம். இரண்டு ஊசியில் 'ஒன்று நேர், ஒன்று மறி' என்று ரிப் போட்டால் ரப்பர் மாதிரி விரிந்து, எந்தத் தலையிலும் காதை மூடி உட்காரும். குரோஷேயில் வேகமாக முடிகிறதே என்று உயரமான கண்ணியாகப் போட்டால் ஓட்டைவழியே காற்று புகும். ஒன்டாரியோ ஏரிக்காற்று ஒரு தடவை அப்படிப் புகுந்து காட்டினால் அந்தப் பூவேலையின் அழகு யாருக்கும் நினைவிருக்காது.

வேகத்தில் கொக்கியை அடித்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மை. ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். பஸ்ஸில் பிரேக் போட்டாலும் எதுவும் நழுவாது. அக்கா இரண்டு தொப்பி முடிக்கும் நேரத்தில் நான் ஒன்றில் முக்கால்தான் முடித்திருப்பேன். அவர் சின்னக் கண்ணியாக, பின்பக்க நூலில் மட்டும் குத்திக் குறுக்குவாட்டில் போடுவார். அதில் ரிப்புக்கு அருகில் வருகிற இழுவை கிடைக்கிறது. எல்லாம் பின்னுகிற கையைப் பொறுத்ததுதான். ஆனாலும் புதிதாகப் பழகுகிறவர் என்னிடம் கேட்டால், தொப்பிக்கு இரண்டு ஊசி, போர்வைக்குக் கொக்கி என்றுதான் சொல்வேன்.

தொப்பியா, மப்ளரா, காலுறையா, போர்வையா?

தலைவழியே உடம்புச் சூட்டில் பாதி போய்விடும் என்று ஒரு கதை உண்டு. தப்பு. தலை உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான்; மூடாமல் விட்டால் போகும் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தொப்பியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் வேறு. காது மடல் சீக்கிரம் உறையும். தொப்பிக்கு நூறு கிராம் நூல் போதும், கனத்த நூலென்றால் ஒரு மாலையில் முடியும், பாக்கெட்டில் அடங்கும். தொலைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. தெருவாழ்க்கையில் பொருள் தொலையும், திருடு போகும், சில சமயம் குப்பையோடு குப்பையாக அள்ளிக்கொண்டும் போய்விடுவார்கள். நாற்பது மணி நேர வேலையைவிட நாலு மணி நேர வேலை தொலைவது எல்லாருக்கும் நல்லது.

நீள மப்ளர் பழகுகிறவர்களின் செல்லப்பிள்ளை, நேராகப் பின்னிக்கொண்டே போகலாம். ஆனால் தொப்பியைப்போல இரண்டு மூன்று மடங்கு நூல் போகும். அதைவிட, கழுத்தில் சுற்றியதை யாராவது பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிடுவார்களோ என்ற பயம் வெளியில் தூங்குகிறவருக்கு உண்டு. எனக்கு இது தோன்றவே இல்லை, ஒரு பெண்மணி மப்ளரைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னபிறகுதான் உறைத்தது. அதே சூட்டைக் கழுத்து வளையம் பாதி நூலில் தருகிறது; மேலே இழுத்தால் மூக்கும் மூடும். மப்ளர் பின்னுவதை அதோடு விட்டேன்.

கையுறையில் விரல் திறந்தது போனுக்கும் ஜிப்புக்கும் வசதி, கடுங்குளிரில் விரல் போய்விடும். மூடியது இதமாக இருக்கும், ஒன்று தொலைந்தால் மற்றது வீண். வேண்டுமானால் இரண்டையும் ஒரு கயிற்றால் இணைத்துக் கொடுங்கள், குழந்தைகளுக்குச் செய்வதுபோல என்று சிலர் முகம் சுளித்தாலும்.

காலுறைதான் ஷெல்டர்களில் ஓயாமல் கேட்கிற பொருள். நாள் முழுக்க நடக்கிற, ஈரத்தில் ஊறுகிற கால்களுக்கு அது மருந்து மாதிரி. அப்படியென்றால் பின்ன வேண்டியதுதானே? வேண்டாம். மெல்லிய நூலில் ஒரு ஜோடிக்கு எனக்கு இருபது மணி நேரம் ஆனது. குதிகாலில் இரண்டே மாதத்தில் ஓட்டை விழுந்தது. (அந்த ஜோடியைக் கொடுக்க மனம் வராமல் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்தேன், அதனால்தான் ஓட்டை தெரிந்தது.) நூலுக்கு ஆகும் காசில் கடையில் தடித்த காலுறை மூன்று நாலு ஜோடி வாங்கிவிடலாம். கை வேலையைவிடக் கடைச் சரக்கு தெளிவாக ஜெயிக்கிற இடம் இது.

இனி போர்வை. பின்னுகிற பலருக்கு ஆசையெல்லாம் இதன்மேல்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வாசா ஊரில் நூல் கடை வைத்திருந்த ஈவி ரோசன் என்ற பெண்மணி 1991இல் 'வார்ம் அப் அமெரிக்கா' என்று ஒன்றைத் தொடங்கினார். முழுப் போர்வை பின்ன யாருக்கும் நேரமில்லை என்பதால், ஆளுக்கு 7க்கு 9 அங்குலத்தில் ஒரு துண்டு போதும் என்றார். 49 துண்டை ஏழுக்கு ஏழாக இணைத்தால் 49க்கு 63 அங்குலத்தில் ஒரு போர்வை. சென்னையில் 2016 ஜனவரியில் 'மதர் இந்தியா'ஸ் குரோஷே குவீன்ஸ்' குழுப் பெண்கள் இதே வழியில் 11,148.5 சதுர மீட்டருக்குக் குரோஷே போர்வையை இணைத்து கின்னஸ் சாதனை செய்தார்கள். துண்டுமுறை நல்ல முறைதான், யாராவது ஒருவர் இணைக்க முன்வந்தால். எங்கள் குழுவில் துண்டு போட ஒன்பது பேர், இணைக்க அக்கா ஒருத்தர்.

ஆனால் அந்தப் போர்வை தெருவுக்கு ஏற்றதா? ஒரு கிலோவுக்கு மேல் கனம். நனைந்தால் தூக்க முடியாது, காயப்போட இடமில்லை. வெளியில் படுப்பவருக்குத் தண்ணீர் புகாத ஸ்லீப்பிங் பேக் எவ்வளவோ மேல். பின்னிய போர்வைக்குச் சரியான ஆள், ஷெல்டரிலிருந்து இப்போதுதான் சொந்த அறைக்கு மாறுகிறவர். வெறுங்கட்டிலும் நாலு சுவருமாக இருக்கும் அறைக்குள் அது போகும்போது, துவைக்க மெஷினும் காயப்போட இடமும் அவருக்கு இருக்கும்.

பிளாஸ்டிக் பைகளை நறுக்கிக் கொக்கியில் பின்னும் படுக்கைப் பாயும் ஒரு காலத்தில் பிரபலம். ஒரு பாய்க்கு ஐந்நூறு அறுநூறு பை வேண்டும், வாரக்கணக்கில் வேலை. இப்போது கடைகளில் பையே கிடைப்பதில்லை. தரைக்குளிருக்கு மடக்கும் ஃபோம் பாய் வாங்கிக் கொடுங்கள், தீர்ந்தது.

நிறம்

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு காட்சி மட்டும். போன பிப்ரவரியில் ஷெல்டர் வாசல் மேஜையில் தொப்பிகளைப் பரப்பியிருந்தோம். அறுபது வயது இருக்கும், ஒருவர் வந்து என் மஞ்சளையும் ஆரஞ்சையும் ஒவ்வொன்றாக, மரியாதையாக, ஓரமாக நகர்த்தி வைத்தார். அடியில் கிடந்த கறுப்பை எடுத்துத் தலையில் போட்டுப் பார்த்தார். பிறகு உச்சியில் இருந்த நூல் குஞ்சத்தைத் தொட்டு, "இதை வெட்டித் தருவீர்களா?" என்றார். வெட்டிக் கொடுத்தேன். அழுக்கு தெரியக்கூடாது, யார் கண்ணையும் இழுக்கக்கூடாது, அவ்வளவுதான். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை, சாம்பல் போதும்.

கொடுக்கும் வழி

சில ஊர்களில் மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் மப்ளரைக் கட்டி, 'குளிர்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சீட்டு வைக்கிறார்கள். கேட்டு வாங்கும் சங்கடம் இல்லை என்பது அழகு. ஆனால் ஈரப்பனி ஒரு ராத்திரி பெய்தால் காலையில் விறைத்த கயிறு. ஷெல்டரில் கொடுத்தால் நனையாமல் போய்ச் சேரும், ஆனால் முதலில் போன் செய்து கேளுங்கள். டிசம்பரில் மூட்டை மூட்டையாக வந்து குவியும், பிப்ரவரியில் பெட்டி காலி. நாங்கள் இப்போது பாதியைப் பிடித்து வைத்து ஜனவரி கடைசியில்தான் கொண்டுபோகிறோம்.

இந்த வியாழன் யாரோ ஒரு பை நிறையப் பளீர் ரோஜா நிற அக்ரிலிக் நூலைக் கொண்டுவந்து தந்தார்கள், மொத்தம் பதினொரு உருண்டை. தொப்பிக்கு ஆகாது. கருநீலத்தோடு மாற்றி மாற்றி 7க்கு 9 துண்டுகளாகப் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. இணைப்பது யார் என்று கேட்டபோது எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார்.