கலப்பத்துப் பொட்டலம்: பிசின் தேறும், எண்ணெய் தேறாது

மலேசியாவின் நிபோங் திபாலில் பூசைச் சாமான் விற்கும் ஒரு கடையில், சாம்பிராணி அடுக்குக்குக் கீழே ‘கலப்பத்து’ என்று தமிழில் அச்சிட்ட பொட்டலம் கிடைக்கிறது. 1 கிலோ குங்கிலியம், அரைக் கிலோ பஞ்சு, அரை லிட்டர் தேங்காய் எண்ணெய். விலை 45 வெள்ளி (ரிங்கிட்). கிரியான் ஆற்றில் இன்னும் சம்பான் என்னும் சிறு மரப்படகு வைத்திருப்பவர்களுக்கான சரக்கு.

பெயருக்கே தனி மதிப்பெண் தரலாம். பலகை இடுக்கில் பஞ்சோ நாரோ திணித்து, மேலே பிசின் பூசி, நீர் புகாமல் அடைப்பதுதான் கலப்பத்து. அகராதியில் கலப்பற்று என்று இருக்கும், அடைப்பவர் கலப்பற்றுக்காரர். போர்த்துக்கீசியரின் கலஃபாத்தே, துருக்கியரின் கலஃபாத் எல்லாம் இந்தத் தொழிலைச் சுற்றிய சொற்கள்தான். ஃபைபர் படகு வந்தபின் நம் வாயில் இந்தச் சொல் புழங்குவதே இல்லை.

குங்கிலியம் நல்ல சரக்கு. வெளிர் மஞ்சள் கட்டிகள், தூசி குறைவு, தட்டினால் கண்ணாடிபோல் உடைகிறது. சில்லறையாக வாங்குபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: மேலடுக்கில் இருக்கும் சாம்பிராணி, அதாவது மலாய்க்காரர்களின் கெமெஞான், படகுக்கு ஆகாது. சந்தேகம் வந்தால் ஒரு துண்டை டர்பன்டைனில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். குங்கிலியம் கரைந்து லேசாகக் கலங்கும். சாம்பிராணி பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

பஞ்சு விளக்குத் திரிக்கு விற்கும் அதே நீள இழைப் பஞ்சு. முறுக்கினால் அறுவதில்லை. மருந்துக்கடைப் பஞ்சைவிட எவ்வளவோ மேல். அது குட்டை இழை, உளி பட்டதும் பிய்ந்துவிடும்.

சறுக்கியது எண்ணெயில். தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். கொஞ்சம் கூடினாலும் நண்பகல் வெயிலில் கலவை இளகி வழிகிறது; குறைத்தால் பிசின் வெடிக்கிறது. மலாய்ப் படகுக்காரர்கள் டாமாரோடு, அதாவது அவர்களின் குங்கிலியத்தோடு, கெருயிங் மர எண்ணெய் சேர்த்ததில் காரணம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் போதும். அளவை லிட்டர் கணக்கில் பார்க்க வேண்டாம். ஒரு சொட்டை மரத்துண்டில் விட்டு ஆறவிடுங்கள். நகம் பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது.

உள்ளே வைத்திருக்கும் செய்முறைத் தாளைக் கிழித்துப் போடலாம். ‘நேரடித் தீயில் உருக்கவும்’ என்கிறது. குங்கிலியம் சட்டென்று தீப்பிடிக்கும். மணல் பரப்பிய சட்டிக்குள் பாத்திரத்தை வைத்து, மெல்லிய சூட்டில் உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கியபிறகு எண்ணெய் ஊற்றுங்கள். ஈரச் சாக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

‘பஞ்சை இறுக்கி நிரப்பவும்’ என்பது அதைவிட மோசம். இடுக்கு வெளிப்புறம் அகன்றும் உட்புறம் குறுகியும் இருக்கும். பலகைக் கனத்தில் உள் மூன்றில் ஒரு பங்கு மரத்தோடு மரம் ஒட்டியிருக்க வேண்டும். அங்கே திறந்திருந்தால் பஞ்சு படகுக்குள் போய் விழும். முனை மழுங்கிய உளியால் பஞ்சைச் சிறு சிறு மடிப்பாகச் செருகி, பிறகு ஒரே சீராகத் தட்டுங்கள். மேல்மட்டத்திலிருந்து 3, 4 மில்லிமீட்டர் பள்ளம் விட்டால்தான் பிசினுக்கு இடம். காய்ந்த பலகை தண்ணீரில் ஊதும். அந்த ஊதலுக்கு இடமில்லாமல் அடைத்தால் பலகை சட்டத்தைத் தள்ளி ஆணியைப் பிடுங்கும். செங்கால் என்னும் கடினமான மலாய் மரத்தில் கட்டிய படகில் இது இன்னும் பொல்லாதது. நம் காதுக்கு அந்தப் பெயர் செங்கல் என்றே விழும். சிலிக்கோன் குழாய் வாங்கி அடைத்து விடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய எண்ணெய் ஊறிய இடுக்கில் அது பிடிக்காது, ஓரத்தோடு தோல்போல் உரிந்து வரும்.

கடையில் குங்கிலியத்தையும் பஞ்சையும் தனித்தனியாக நிறுத்தும் தருகிறார்கள். அப்படி வாங்கினால் தேங்காய் எண்ணெய்க்குக் கொடுக்கும் காசு மிச்சம்.