தொட்டி மண்ணில் தழைச்சத்து: பாக்டீரியா வழியா, ஆர்க்கியா வழியா?

மடிப்பாக்கத்தில் எங்கள் மாடியில் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்த பைகளில் கீரையும் கத்தரியும் வளர்க்கிறேன். எதிர் மாடி அக்கா யூரியாவை நம்புகிறார், நான் புண்ணாக்கை. "நீ ஊறவெச்சு ஊத்துறதுக்குள்ள என் சிறுகீரை பறிப்புக்கே வந்துடும்" என்பார். அது உண்மைதான். ஆனால் எங்கள் இருவருக்கும் மண்ணுக்குள் வேலை செய்வது ஒரே கூட்டம் அல்ல.

யூரியாவானாலும் புண்ணாக்கானாலும் தழைச்சத்தின் (நைட்ரஜனின்) பெரும்பகுதி முதலில் அம்மோனியாவாகிறது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்ற, வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. அந்த முதல் படி பாக்டீரியாவுக்கு மட்டுமே உரியது என்று நூறாண்டுக்கும் மேலாக நம்பியிருந்தார்கள். 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத் தொட்டியிலிருந்து நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்ற ஆர்க்கியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் அம்மோனியாவைத் தின்றே வாழ்கிறது. உருவத்தில் பாக்டீரியாபோல் தெரிந்தாலும் ஆர்க்கியா தனி வம்சம். மறு ஆண்டே, மூன்று தட்பவெப்ப மண்டலங்களின் 12 மண்களைச் சோதித்தபோது, இந்த வேலைக்கான மரபணு ஆர்க்கியா பக்கமே அதிகம் இருந்தது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆர்க்கியாவுக்கே வெற்றி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நியூசிலாந்துப் புல்வெளிகளில் மாட்டுச் சிறுநீர் விழுந்தாற்போல் தழைச்சத்தைக் கொட்டிப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் பெருகியது பாக்டீரியா. நைட்ரேட்டாதலின் வேகமும் பாக்டீரியாவின் எண்ணிக்கையோடுதான் ஒத்துப்போனது. விருந்து வைத்தால் பாக்டீரியா பெருகும். ஆர்க்கியாவோ அம்மோனியா மிகக் குறைவாக இருக்கும்போதும் அதைப் பிடித்துக்கொள்ளும். அங்ககப் பொருள் மட்கி மெல்ல மெல்லக் கசியும் அம்மோனியாவே அதற்குப் போதும்.

அக்காவின் யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. என் கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 7 சதவீதம், அதுவும் மட்கிய பிறகே கிடைக்கும். முதலாவது பாக்டீரியாவுக்கான பந்தி, இரண்டாவது ஆர்க்கியாவுக்கான அன்றாடக் கஞ்சி.

வேகம்தான் வேண்டுமென்றால் யூரியாவே மேல், அதை மறுக்கவில்லை. ஆனால் மாடிப் பையில் அடியில் துளை இருக்கிறதே! அம்மோனியம் (ஈர மண்ணில் அம்மோனியா எடுக்கும் வடிவம்) நேர்மின்னேற்றம் உடையது, களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நைட்ரேட் எதிர்மின்னேற்றம் உடையது, தண்ணீரோடு போய்விடும். செடி உறிஞ்சுவதற்கு முன்பே எல்லாம் நைட்ரேட்டாகிவிட்டால், மிச்சம் துளை வழியாகத் தளத்தில் வழிந்து கால்வாய்க்குப் போகிறது. நல்ல வடிகாலுள்ள இந்தப் பைகளில் இதுதான் என் பெரிய கவலை. 2015 முதல் நம் நாட்டு யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதற்கு இந்த அவசரத்தைத் தணிப்பதும் ஒரு காரணம்.

காற்றில் போகும் இழப்பும் உண்டு. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவும் வெளியாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும். ஒரே அளவு அம்மோனியாவுக்கு ஆர்க்கியா வெளியிடுவது பொதுவாகக் குறைவு. புளிப்பு மண்ணிலும் அவற்றுள் சில தாக்குப்பிடிக்கும்.

வெயில் விஷயம் சென்னைக்காரர்களுக்கு முக்கியம். வியன்னாவின் தோட்ட மண்ணில் கிடைத்த நைட்ரோசோஸ்ஃபேரா வியன்னென்சிஸ் 37 டிகிரியிலும் நன்றாக வளர்கிறது. சூடேறிய மண்ணில் பாக்டீரியாவைவிட ஆர்க்கியாவின் கை ஓங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சித்திரையில் கறுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்.

ஆகவே மூன்று நான்கு மாதம் நிற்கும் கத்தரி, வெண்டை, மிளகாய்க்குப் புண்ணாக்கும் மண்புழு உரமும்தான் என் தேர்வு. கீரைக்கு மட்டும் அக்காவிடம் ஒத்துப்போகிறேன். அதிலும் ஒரே தடவையாகக் கொட்டாமல், சிட்டிகை யூரியாவை நீரில் கரைத்து இரண்டு மூன்று தவணையாக ஊற்றச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் அதுவும் வேண்டாம் என்றேன். போன வாரம் அவரே வந்து ஒரு கிலோ புண்ணாக்கு கேட்டு வாங்கிப் போனார், மிளகாய்ப் பைகளுக்காக.