ஃபேஸ் வாஷில் நுரைப்பது எது? சோப்பு, சல்பேட், பீட்டெய்ன், குளுக்கோசைட்

முகம் கழுவியதும் தோல் இறுக வேண்டும், விரலால் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் அழுக்கு போயிருக்கிறது என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். உண்மையில் அந்த இறுக்கம், அழுக்கோடு தோலின் சொந்த எண்ணெயும் கழன்று போனதற்கான அறிகுறி.

அதைச் செய்வது சர்ஃபாக்டன்ட். அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பாட்டிலின் பின்புறம் தண்ணீருக்கு அடுத்து வரும் சில பெயர்களில் அது இருக்கும். பட்டியல் அளவின் இறங்குவரிசையில் போகும். 1 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். முன்பக்கம் பெரிதாகப் படம் போட்ட கற்றாழை, பின்பக்கம் வாலில் தொங்குவதும் உண்டு.

முதலில் சோப்பு. கொழுப்பும் காரமும் சேர்ந்து உருவாவது என்பதால் அதன் பி.எச். (அமில-கார அளவு) 9, 10 என்று நிற்கும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை உள்ளது. வறண்ட தோல்காரர்கள் முகத்துக்கு சோப்பு போடாமல் இருப்பதே நல்லது.

சோடியம் லாரில் சல்பேட்டுக்கு அந்தப் பி.எச். சிக்கல் கிடையாது. ஆனால் அது தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு எரிச்சல் தரும். ஆய்வுகளில் வேண்டுமென்றே தோலை எரிச்சலூட்டிப் பார்க்க இதைத்தான் பூசுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சோடியம் லாரெத் சல்பேட் வேறு. பெயரில் ஓரிரு எழுத்து வித்தியாசம்தான், ஆனால் எத்திலீன் ஆக்சைடு சேர்த்து மென்மையாக்கப்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒதுக்குவது நியாயமில்லை.

கோகமிடோப்ரோபைல் பீட்டெய்ன் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து வருவது. தனியாகச் சுமாராகத்தான் சுத்தம் செய்யும். சேர்க்கையில்தான் அதன் அருமை தெரியும்: லாரெத்தோடு கலந்தால் நுரையும் நிற்கும், எரிச்சலும் குறையும். எண்ணெய்ப் பசையுள்ள முகத்துக்கு நான் கைகாட்டுவது இந்த ஜோடியைத்தான்.

டெசைல் குளுக்கோசைட், கோகோ குளுக்கோசைட் இரண்டும் சர்க்கரையையும் கொழுப்பு ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்தவை. நுரை குறைவு, அதைப் பார்த்து சுத்தமாகவில்லை என்று இரண்டாம் முறை போட வேண்டாம். நுரைக்கும் சுத்தத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. சீக்கிரம் சிவந்துபோகும் தோலுக்கு இவற்றையே முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். கட்டியாகவே வேண்டும் என்பவர்கள் சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் முதலில் வரும் பாரைத் தேடலாம். பார்க்க சோப்பு போலிருக்கும், ஆனால் சோப்பு இல்லை.

மென்மையானது என்றால் ஒவ்வாமையே வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தோலில் படுவதால் வரும் ஒவ்வாமையைக் கவனிக்கும் அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் கவனிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருளாக 2004-இல் பீட்டெய்னையும், 2017-இல் குளுக்கோசைடுகளையும் அறிவித்தது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு அரிக்கும், அரித்தால் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் ‘சல்பேட் ஃப்ரீ’. இது என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் சொல். சல்பேட்டை எடுத்துவிட்டு சோடியம் சி14-16 ஒலெஃபின் சல்ஃபோனேட்டைப் போட்டாலும் அப்படி எழுதலாம். அதுவும் நன்றாகவே எண்ணெயை உரித்தெடுக்கும். எது இல்லை என்பதைவிட எது இருக்கிறது என்று பாருங்கள்.

மற்றவற்றில் கிளிசரின் இருந்தால் நல்லது, வறட்சி கொஞ்சம் குறையும். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் துளைகளுக்குள் இறங்கும், பரு வரும் முகத்துக்கு ஏற்றது. ஆனால் போட்டவுடன் கழுவினால் அதற்கு நேரமே கிடைப்பதில்லை; அரை நிமிடமாவது முகத்தில் இருக்கட்டும். வாசனைப் பொருளால் தோலுக்கு எந்த லாபமும் இல்லை. இரண்டு பாட்டில்கள் மற்றபடி ஒன்றுபோலிருந்தால், மணமில்லாததையே எடுப்பேன்.